வெள்ளைத் திரை – கடிதம்

வணக்கம் சார்,

தனியார் பால் நிறுவனம் ஒன்றுக்கு வெப் அப்ளிகேஷன் செய்து தரும் சிறிய குழுவில் இருக்கிறேன். கொள்முதல் நிலையங்களில் காலையும் மாலையும் பால் அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) எல்லாவற்றையும் போனில் குரோமில் பதிவு செய்வார்கள். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதியது, முழுக்க ஆங்கிலம். சில நிலையங்களில் மட்டும், அதுவும் எப்போதாவது, பக்கம் திடீரென்று வெள்ளையாகிவிடுகிறது. ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடும். லாகில் (பிழைப் பதிவில்) கிடைப்பது ஒரே ஒரு பிழைதான்: ரிமூவ்சைல்டு (பக்கத்திலிருந்து ஒரு நோடை, அதாவது ஒரு துண்டை, நீக்கும் கட்டளை) தோல்வி, நீக்க வேண்டிய நோடு இந்த நோடின் சைல்டு இல்லை என்று. புகார் சொன்ன ஒருவரின் போனையே ஆபீசுக்கு வரவழைத்துப் பார்த்தோம், ஒருமுறைகூட வரவில்லை. டீம் லீட் 'சிக்னல் பிரச்சினை, விடுங்கள்' என்கிறார். ரியாக்ட் வெர்ஷனை மாற்றினால் போய்விடுமா? வெள்ளையாவதற்குச் சற்று முன் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வெர்ஷனைத் தொடாதீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னொரு முறை பாருங்கள். ஆப் முழுக்க ஆங்கிலம் என்கிறீர்கள், ஆனால் படத்தில் பட்டன்மேல் 'சேமிக்கவும்' என்று இருக்கிறது. கேன் எண்ணிக்கைக்கு மேலே தலைப்பாக 'முடியும்' என்று இருக்கிறது. பால் கேனை 'முடியும்' என்று எழுதும் ஆள் உங்கள் குழுவில் இருக்க மாட்டார். அது குரோமின் மொழிபெயர்ப்பு வசதி செய்த வேலை.

குரோம் ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கும்போது எழுத்தை மட்டும் மாற்றுவதில்லை. பக்கத்திலுள்ள டெக்ஸ்ட் நோடுகளை (எழுத்து மட்டும் உள்ள துண்டுகளை) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஃபான்ட் டேக்குகளைச் செருகி, அவற்றுக்குள் தமிழை வைக்கிறது. (ஆம், எச்.டி.எம்.எல். தரத்திலிருந்து எப்போதோ ஒதுக்கப்பட்ட அதே ஃபான்ட் டேக்தான்.) ரியாக்டுக்கு இது தெரியாது. தான் உருவாக்கிய பழைய நோடு இன்னும் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். தரவு வரும்வரை காட்டும் 'லோடிங்' என்ற சொல்லை நீக்கும் நேரம் வந்ததும் பெற்றோர் நோடிடம் அதைக் கேட்கும். அது அங்கே இல்லை, பிழை எழும். ரியாக்ட் 16 முதல், பிடிக்கப்படாத பிழை வந்தால் தான் உருவாக்கிய நோடுகளின் முழு மரத்தையும் கழற்றிவிடுவதுதான் வழக்கம். அதுதான் உங்கள் வெள்ளைத் திரை. ரியாக்டின் நிரலும் பிழைப் புகார்களும் இருக்கும் கிட்ஹப் தளத்தில் 11538 என்ற எண்ணில் இது 2017இலேயே பதிவாகியிருக்கிறது, நேரமிருந்தால் படித்துப் பாருங்கள்.

ஏன் எப்போதாவது மட்டும் வருகிறது? இங்கே உங்கள் டீம் லீட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சிக்னல் மந்தமாக இருந்தால் சர்வரிலிருந்து தரவு வர நேரமாகிறது. அதற்குள் 'லோடிங்' மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது. அப்புறம் தரவு வந்து அந்தச் சொல்லை நீக்கப் போகும்போது எல்லாம் உடைகிறது. வேகமான இணைப்பில் தரவு முதலில் வந்து 'லோடிங்' போய்விடும், மொழிபெயர்ப்பு பிறகுதான் தொடங்கும், உடைய எதுவும் இருக்காது. ஆபீஸ் வைஃபையில் அந்தப் போன் ஒழுங்காக நடந்துகொண்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சிக்னலைக் குறை சொல்லி முடித்திருந்தால் டவர் பக்கத்தில் நிற்கச் சொல்வதைத் தவிர வேறு தீர்வு கிடைத்திருக்காது.

என் ஊகத்தை உறுதி செய்வது எளிது. குரோம் மொழிபெயர்த்த பக்கத்தில் எச்.டி.எம்.எல். எலிமென்டுக்கு 'டிரான்ஸ்லேட்டட்' என்று தொடங்கும் ஒரு கிளாஸ் ஏறியிருக்கும். பிழையை லாகில் எழுதும் இடத்தில் அந்த கிளாஸ் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த மாதிரிப் பிழைகளில் 'எப்போது வருகிறது' என்று கேட்டுக்கொண்டே இருப்பதைவிட 'யாருக்கு வருகிறது' என்று கேட்டால் சீக்கிரம் பிடிபடும்.

வெள்ளைத் திரையைவிட எனக்குக் கவலையாக இருப்பது வேறொன்று. 'மொத்தம்' என்பதற்குப் பக்கத்தில் எண்ணையும் 'லிட்டர்' என்ற சொல்லையும் அடுத்தடுத்து எழுதியிருந்தால் ரியாக்ட் அவற்றைத் தனித்தனி டெக்ஸ்ட் நோடுகளாக வைத்திருக்கும். எண் மாறும்போது, பக்கத்திலிருந்து ஏற்கெனவே எடுக்கப்பட்ட நோடில் போய் மாற்றும். பிழை எதுவும் எழாது, லாகிலும் ஒன்றும் இருக்காது. 12 லிட்டரை 14 என்று திருத்தினால் சர்வரில் 14 ஏறியிருக்கும், திரையில் 12 அப்படியே நிற்கும். பால் ஊற்றியவர் திரையைப் பார்த்துச் சண்டைக்கு வருவார். பணம் சம்பந்தப்பட்ட இடம் இது, முதலில் இதைச் சரிசெய்யுங்கள். எண்கள் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஸ்பேன் டேக்குக்குள் போட்டு, டிரான்ஸ்லேட் ஆட்ரிபியூட்டுக்கு 'நோ' கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பு அங்கே கை வைக்காது. 'லோடிங்' போல வந்து போகும் சொற்களையும், அவற்றை ஒட்டி நிற்கும் வெறும் டெக்ஸ்டையும் ஸ்பேனுக்குள் வைத்தால், ரியாக்ட் தேடும் எலிமென்ட் அங்கேயே இருக்கும்.

ரிமூவ்சைல்டு ஃபங்ஷனையே மேலெழுதி, பிழை வந்தால் சும்மா இருக்கச் சொல்லும் ஒரு குறுக்குவழியும் உண்டு. வெள்ளைத் திரை போய்விடும், ஆனால் மொழிபெயர்த்த 'லோடிங்' திரையிலேயே தங்கிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை.

முழுப் பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பைத் தடைசெய்யலாம் என்றும் பலர் சொல்வார்கள். ஒரே வரி வேலை. ஆனால் உங்கள் ஆட்கள் ஏன் அதைப் போட்டுவைத்திருக்கிறார்கள்? ஆங்கிலத் தலைப்புகள் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. 'முடியும்' என்பதையே கேன் என்று புரிந்துகொண்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் பிடுங்கிவிட்டு ஆங்கிலத்தைத் திருப்பிக் கொடுப்பது நியாயமில்லை. இந்த ஆப்பில் எத்தனை சொற்கள் இருந்துவிடப் போகின்றன? ஒரு நிலையக்காரரை அருகில் வைத்துக்கொண்டு அவற்றைத் தமிழில் எழுதி, பக்கத்தின் மொழி எது என்று பிரவுசருக்குச் சொல்லும் லாங் மதிப்பையும் தமிழுக்கு மாற்றிவிட்டு, அப்புறம் வேண்டுமானால் மொழிபெயர்ப்பைத் தடுங்கள்.

சோதிப்பதற்கு போனை வரவழைக்க வேண்டியதில்லை. பக்கத்தின் டெக்ஸ்ட் நோடுகளை எல்லாம் ஃபான்ட் டேக்கால் மாற்றிவைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி, தரவு வருவதற்கு முன் ஓடவிடுங்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க்கை வேண்டுமென்றே மந்தமாக்கினால் அதற்கு அவகாசம் கிடைக்கும். நான் நினைப்பது சரியென்றால், எப்போதாவது வந்த பிழை உங்கள் மேசையிலேயே ஒவ்வொரு முறையும் வரும்.