காக்கிச் சட்டைக்கும் காக்கி லீமாவுக்கும் உறவு உண்டா?

மகளின் பள்ளித் திட்டத்துக்காக ஒருவர் கேட்ட கேள்வி இது. உறவு இல்லை. காக்கிச் சட்டை, காக்கி லீமாவில் (கடைவீட்டு முன் நடைபாதை) உள்ள மலாய்க் 'காக்கி', பினாங்குச் சௌராஸ்தா சந்தையில் உங்கள் மகள் பார்த்த 'பிசாங் காக்கி' மூன்றும் வெவ்வேறு சொற்கள். பள்ளித் திட்டத்தில் ஒரே குடும்பமாகக் காட்ட வேண்டாம்.

சட்டைக் காக்கி பாரசீகம். 'ஃகாக்' என்றால் மண், தூசி. உருது வழியாகப் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குப் போனது. (நம்ம மலேசியப் போலீஸ் கருநீலம், காக்கியைத் தமிழ்ப் படத்தில்தான் பார்க்கிறோம்.) பிசாங் காக்கியில் உள்ளது ஜப்பானியச் சொல், சீமைப் பனிச்சைப் பழம் (persimmon). மலாயில் 'பிசாங்' வாழை, 'காக்கி' கால்; ஆனால் இது வாழைப்பழமும் இல்லை, காலும் இல்லை. ஜப்பானியத்திலேயே சிப்பிக்கும் 'காக்கி'தான். தோக்கியோ பேச்சில் குரல் ஏறி இறங்குவதை வைத்துப் பிரித்தறிகிறார்கள்.

மலாயில் காக்கி கால், அடிக்கணக்கும் அதுவே. காக்கி லீமா ஐந்து கால் அல்ல, கடைவீட்டு முன்னால் விடும் ஐந்தடி நடை. 1822-இல் சிங்கப்பூருக்குப் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே கூரையிட்ட இந்த நடைபாதை உண்டு. பினாங்கு லெபோ பாசார் தெருவில் அளந்து பார்க்கப் போகாதீர்கள், எல்லாம் சரியாக ஐந்தடி இருக்காது.

குழப்பத்துக்குக் காரணம் எழுத்து. ரோமனில் சட்டைக் காக்கிக்கு மட்டும் ஒரு h கூடும் (khaki, மற்றவை kaki); தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோலவே விழுகிறது.

மகளை ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அது புறப்பட்ட மொழியையும் பழைய பொருளையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மட்டும் கோடு போட்டு இணைக்கலாம். உறவு மொழி என்பது மட்டும் போதாது: மலாய்க்கு உறவான ஜாவா மொழியில் 'காக்கி' தாத்தா.