கடைசி நிமிடத்தில் ஏன் இத்தனை ஃபவுல்?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகளைப் பார்க்கப் போனபோது அவளோடு கல்லூரி கூடைப்பந்து பார்த்தேன். கடைசி ஒரு நிமிடம் முடிகிற பாடாக இல்லை. தோற்கிற அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது. இது ஏமாற்று வேலை அல்லவா? "இதுவும் ஆட்டம்தான்ப்பா. மூன்று பாயிண்ட் முன்னால் இருக்கிற டீம்கூட ஃபவுல் பண்ணணும்" என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. நடுவர் கண்ணில் மண்ணைத் தூவினால் அது ஏமாற்று. இங்கே எல்லோரும் பார்க்க ஃபவுல் செய்து, அதற்கான தண்டனையையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முன்னணியில் இருக்கும் அணி ஷாட் அடிக்காமல் 30 விநாடி வரை பந்தை வைத்துக்கொள்ளலாம். தோற்கிறவர்களுக்கு அந்த 30 விநாடிதான் எமன். ஃபவுல் செய்தால் கடிகாரம் நிற்கும். எதிராளி ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் ஷாட், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட்) போட்டதும் பந்து இவர்கள் கைக்கு வரும். ஆண்கள் ஆட்டத்தில், ஒரு பாதியில் அணியின் 7-வது ஃபவுலிலிருந்து 9-வது வரை, முதல் ஷாட் விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். 10-வதிலிருந்து இரண்டும் உறுதி. 1983 கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் 52-52 என்று இருந்தபோது, நார்த் கரோலினா ஸ்டேட் கோச் ஜிம் வால்வானோவின் அணி, ஹூஸ்டனின் முதலாண்டு மாணவர் ஆல்வின் ஃப்ராங்க்ளினை ஃபவுல் செய்தது. முதல் ஷாட்டே தவறியது. பந்து கைமாறியது, 54-52 என்று வால்வானோ அணி கோப்பையை வென்றது.

இரண்டு பக்க நியாயத்தையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால், 2008 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் நடந்த மெம்ஃபிஸ்–கான்சஸ் இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிடம் 12 விநாடி மீதியிருக்க, மெம்ஃபிஸ் 9 பாயிண்ட் முன்னால். ஃப்ரீ த்ரோவில் மெம்ஃபிஸ் பலவீனம் என்பது ஊரறிந்த விஷயம். கான்சஸ் ஃபவுல் செய்து செய்து துரத்தியது. கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் கிடைத்த ஐந்து ஃப்ரீ த்ரோவில் மெம்ஃபிஸ் போட்டது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைப் போட்டவர் டெரிக் ரோஸ். மீதி 10.8 விநாடி, 63-60.

தூரத்திலிருந்து ஒரு மூன்று பாயிண்ட் ஷாட் விழுந்தால் ஸ்கோர் சமமாகிவிடும் என்பதால், இப்போது ஃபவுல் செய்ய வேண்டியது மெம்ஃபிஸ்தான். இரண்டு ஃப்ரீ த்ரோவும் விழுந்தாலும் ஒரு பாயிண்ட் மிச்சம் இருக்கும். கோச் ஜான் காலிபாரியின் திட்டமும் அதுதான். பந்தோடு ஓடிவந்த கான்சஸின் ஷெரன் காலின்ஸை ரோஸ் தொட்டார், ஆனால் விசில் ஊதப்படவில்லை. தடுமாறிய காலின்ஸ் பந்தை மாரியோ சாமர்ஸிடம் தள்ளிவிட்டார். 2.1 விநாடி இருக்கையில் சாமர்ஸின் மூன்று பாயிண்ட் ஷாட் உள்ளே போனது. கூடுதல் நேரத்தில் கான்சஸ் 75-68.

ஃபவுல் செய்ய எடுத்த முடிவு சரி, செய்த விதம்தான் போதவில்லை. நடுவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கையிலிருக்கும் பந்தைக் குறிவைத்து அடிக்க வேண்டும். பின்னாலிருந்து பனியனைப் பிடித்து இழுத்தால் இரண்டு ஷாட்டோடு பந்தையும் எதிரணிக்கே கொடுத்துவிடுவார்கள். மூன்று பாயிண்ட் ஷாட்டுக்குக் கை தூக்கியபின் தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. அந்த பயத்தில்தான் பல கோச்கள் ஃபவுல் வேண்டாம் என்கிறார்கள். எதிரணி முதல் ஷாட்டைப் போட்டு, இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, ரீபவுண்ட் (கூடையில் பட்டுத் திரும்பும் பந்து) பிடித்துப் போடலாமே என்ற பயமும் உண்டு. அதற்கு மூன்று காரியமும் வரிசையாகக் கைகூட வேண்டும். மீதி நேரம் ஏழெட்டு விநாடிக்குள் என்றால் நான் ஃபவுல் பக்கம்தான்.

அடுத்த முறை ஸ்கோரோடு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கையையும் கவனியுங்கள். தோற்கிற அணிக்கு நாலே ஃபவுல் என்றால், ஃப்ரீ த்ரோ தொடங்கும் ஏழாவது ஃபவுலை எட்டுவதற்காகவே அடுத்தடுத்து ஃபவுல் செய்வார்கள். அதற்குள் எதிரணி தன் சிறந்த ஃப்ரீ த்ரோ ஆட்டக்காரரிடம் பந்தைச் சேர்க்கப் பார்க்கும். அப்புறம் யாரைத் துரத்துகிறார்கள் என்று பாருங்கள், நேரம் போவதே தெரியாது.