இன்ஸ்டன்ட் காபி வகைகள்: கேள்வி பதில்

கே: தூள், குருணை, ஃப்ரீஸ் டிரைடு மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

ப: மூன்றுக்கும் மூலம் கெட்டியான டிகாஷன்தான், காயவைக்கும் விதம்தான் வேறு. உயரமான கோபுரத்துக்குள் 200 டிகிரியை ஒட்டிய சூட்டுக் காற்றில் டிகாஷனைத் தெளித்தால், துளிகள் கீழே விழுவதற்குள் காய்ந்து தூளாகிவிடும். அந்தத் தூளையே நீராவியில் லேசாக நனைத்து, ஒன்றோடொன்று ஒட்டவைத்து மறுபடி காயவைத்தால் குருணை. கரைவது சுலபம்; ஆனால் ருசி அதனால் அதிகமாகிவிடாது. ஃப்ரீஸ் டிரைடில் டிகாஷனை மைனஸ் 40 டிகிரி வரை உறையவைத்து, உடைத்து, வெற்றிடத்தில் பனியை நீராக விடாமல் அப்படியே ஆவியாக்குவார்கள். சூடு குறைவு, வாசனை தங்கும்.

உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். உருண்டையாக, துளைத்துளையாக இருந்தால் குருணை. கூரிய விளிம்போடு வெளிர்ந்த சில்லுகளாக இருந்தால் ஃப்ரீஸ் டிரைடு.

கே: அப்படியானால் ஃப்ரீஸ் டிரைடுதான் எப்போதும் உசத்தி?

ப: இல்லை. கொட்டை மட்டமென்றால் உறையவைத்து என்ன பயன்? கொட்டை மென்மையான ருசியுள்ள அரபிகா வகையா, கசப்பு கூடிய ரொபஸ்டா வகையா என்று முதலில் லேபிளைப் பாருங்கள்.

கே: ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் தூள் காபி பாட்டிலைத் திறந்தாலே கமகமக்கிறது. தரம் அதிலேயே தெரிந்துவிடுமே?

ப: தெரியாது. தயாரிப்பின்போது பிரித்தெடுத்த காபி வாசனையையும் எண்ணெயையும் கடைசியில் திரும்பச் சேர்ப்பது வழக்கம். மூடியைத் திறந்ததும் வருவது பெரும்பாலும் அதுதான்.

கே: அப்போது அது ஏமாற்று!

ப: காபியிலிருந்து எடுத்ததைக் காபிக்கே கொடுப்பதில் ஏமாற்று ஏது? கோப்பையில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிட வேண்டிய இரண்டு காபியிலும் தலா 2 கிராம், 85 டிகிரி வெந்நீர் 150 மில்லி. பால், சர்க்கரை வேண்டாம். வெதுவெதுப்பாக ஆறியதும் குடியுங்கள். குறை அப்போதுதான் வெளியே வரும். தராசில் நிறுத்துப் போடுங்கள், ஒரே ஸ்பூனில் தூளும் குருணையும் ஒரே எடை வராது.

கே: சிக்கரி கலந்தது?

ப: சிக்கரி ஒரு வேர். கஃபீன் கிடையாது, நிறமும் கெட்டியும் தரும். எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள்.

கே: பாலில் கட்டி தட்டுகிறது.

ப: வெளிப்பக்கம் சட்டென நனைந்து பசையாகி, உள்ளே ஈரம் போகாமல் அடைத்துக்கொள்கிறது. ஒரு ஸ்பூன் வெந்நீரில் குழைத்த பிறகு பாலை ஊற்றுங்கள்.

கே: 3 இன் 1 பாக்கெட்டை எவ்வளவு அடித்தும் நுரை வரவில்லையே?

ப: வராது. அதில் பெரும்பகுதி சர்க்கரையும், பாலுக்குப் பதிலாகச் சேர்க்கும் க்ரீமர் பொடியும். க்ரீமரின் கொழுப்பு நுரையை அமுக்கிவிடும். வெறும் இன்ஸ்டன்ட், சர்க்கரை, வெந்நீர் தலா 2 ஸ்பூன் எடுத்து அடியுங்கள்.

கே: கஃபீன் நீக்கிய டிகாஃப் காபியில் கஃபீன் சுத்தமாக இருக்காதா?

ப: கொஞ்சம் இருக்கும். மருத்துவர் தடுத்திருந்தால் அவரிடமே கேளுங்கள்.

கே: பாட்டிலில் கல்லாக இறுகிவிட்டது.

ப: ஈர ஸ்பூன்.

கே: ஃப்ரிட்ஜில் வைத்தும் இறுகுகிறதே?

ப: ஃப்ரிட்ஜில் வைப்பதால்தான். குளிர்ந்த பாட்டிலைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். வெளியிலேயே வையுங்கள். ஈர ஸ்பூனும் கூடாது.

கே: நான் ஸ்பூனே போடுவதில்லை. கொதிக்கும் பாலுக்கு மேலே பாட்டிலைச் சாய்த்துக் கொட்டுவேன். அப்படியும் இறுகுகிறது.

ப: ஆவியும் ஈரம்தான். தள்ளி நின்று, காய்ந்த ஸ்பூனில் எடுத்து, உடனே மூடுங்கள்.