இசைக் கேள்வி பதில்: ஹேர்பி ஹான்கொக்கும் வீட்டுக் கீபோர்டும்

கேள்வி: ஐயா, ஹேர்பி ஹான்கொக் சினிமாவுக்கு இசையமைத்தார், சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வாசித்தார், ஹிப்ஹொப் பக்கமும் போனார். இவரை ஜாஸ் பியானோக் கலைஞர் என்று சொல்வது சரியா?
– மேலைத்தேய சங்கீதம் படிக்கும் மாணவி, ஹட்டன்

பதில்: சரிதான் தங்கச்சி. சிக்காகோவில் 1940 ஏப்ரல் 12ஆம் திகதி பிறந்தவர். பதினொரு வயதில் சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவோடு மோட்சார்ட்டின் பியானோ கொன்செர்ட்டோ ஒன்றின் முதற்பகுதியை வாசித்தார். கிரினெல் கல்லூரியில் முதலில் எடுத்த பாடம் மின் பொறியியல். பிறகுதான் இசைக்கு மாறினார். பின்னாளில் சின்தசைசருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்து வாசித்தவர் அவர். அந்தப் படிப்பு வீண்போகவில்லை.

எக்காளக் கலைஞர் டொனால்ட் பேர்ட் அவரை நியூயோர்க்குக்கு அழைத்துப் போனார். 1962இல் முதல் அல்பம். அதில் வந்த ‘வோட்டர்மெலன் மேன்’ கியூபத் தாளக் கலைஞர் மொங்கோ சாந்தமரியா வாசித்த பிறகு ஊரெங்கும் பரவியது. பேர்டின் அறிவுரைப்படி பாட்டின் வெளியீட்டு உரிமையை ஹான்கொக் தன்னிடமே வைத்திருந்தார். மெட்டுப் போடும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

1963 முதல் 1968 வரை எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழு. “வெண்ணெய்ச் சுரங்களை வாசிக்காதே” என்று மைல்ஸ் ஒருநாள் சொன்னதாகத் தன் காதில் விழுந்தது என்பார் ஹான்கொக். வெண்ணெய் என்றால் கொழுப்பு. கோர்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டில், கொழுப்பாக நிற்பவை மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் என்று எடுத்துக்கொண்டு, இரண்டையும் விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தார். இடது கை ஒதுங்கியது, மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. எதை வாசிக்காமல் விடுவது என்ற அந்தக் கணக்கைத்தான் பிறகு எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனார் என்பது என் எண்ணம். 1973இல் வந்த ‘ஹெட் ஹன்டர்ஸ்’ அல்பத்தின் முதற் பாட்டு பதினைந்து நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது. அதன் முக்கியப் பகுதி முழுவதும் இரண்டே கோர்டில் நிற்கிறது. 1983இன் ‘ரொக்கிட்’டில் இசைத்தட்டைக் கையால் கீறும் ஓசையே முன்னால் நிற்க, அவர் குறைவாகவே வாசிக்கிறார். ‘ரவுண்ட் மிட்நைட்’ பட இசைக்கு ஒஸ்கார் கிடைத்தது. பாடகி ஜோனி மிச்சலின் பாட்டுகளை வைத்து 2007இல் செய்த அல்பம், அடுத்த ஆண்டு கிராமியின் ‘ஆண்டின் சிறந்த அல்பம்’ விருதைப் பெற்றது.

கேள்வி: என்னிடம் இருப்பது 61 கட்டைக் கீபோர்ட். அவருடைய பாட்டு ஒன்றையாவது வாசிக்க முடியுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: ‘கன்டலூப் ஐலண்ட்’ (1964) வாசியுங்கள். பதினாறு பார் (தாள அலகு), மூன்றே கோர்ட்: எஃப் மைனர் 7 நான்கு பார், டி-பிளாட் 7 நான்கு பார், டி மைனர் 7 நான்கு பார், திரும்ப எஃப் மைனர் 7 நான்கு பார்.

பலரும் தடுமாறுவது, ஒவ்வொரு கோர்டையும் அதற்குப் பெயர் தரும் அடிச்சுரத்திலிருந்து பிடிக்கப் போய்க் கையைத் தூக்கித் தூக்கி வைப்பதால். அடிச்சுரத்தை இடது கைக்குக் கொடுத்துவிடுங்கள். வலது கையில் முதற் பிடி: சி, ஈ-பிளாட், எஃப், ஏ-பிளாட். இரண்டாவது: பி, டி-பிளாட், எஃப், ஏ-பிளாட். மூன்றாவது: சி, டி, எஃப், ஏ. எஃப் மூன்றிலும் அசையாது. மற்ற விரல்கள் ஒன்றிரண்டு கட்டைக்கு மேல் நகர்வதில்லை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், சுண்டுவிரல் போதும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 80இல் வைத்துத் தொடங்கி, பிசகாமல் பத்துச் சுற்று போனபின் 110க்கு ஏற்றுங்கள். கீபோர்டின் தானியங்கிப் பக்கவாத்தியத்தை அணைத்துவிடுங்கள். முதற் பிடியில் உள்ள நான்கு சுரங்களும் ஏ-பிளாட் 6க்கும் உரியவை. கருவி அதை அப்படி எடுத்துக்கொண்டு தப்பான பாஸை (கீழ்ச்சுரத்தை) போடக்கூடும்.

இது கைவந்ததும் ‘மெய்டன் வோயேஜ்’ (1965) பாருங்கள். இடது கையில் டி, வலது கையில் ஏ, சி, ஈ, ஜி. எஃப்-ஷார்ப்பும் எஃப்பும் இல்லாததால் கோர்ட் மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. வீடு போய்ச் சேராமல் மிதக்கும். நான்கு பார் கழித்து இதே வடிவத்தை அப்படியே தூக்கி, இடது கை எஃப்பில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலயத்துப் பழைய பியானோவில் மழைக்காலம் வந்தால் கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெய் விடலாமா?
– ஆலய இசைப் பொறுப்பாளர், நுவரெலியா

பதில்: வேண்டவே வேண்டாம். எண்ணெய் கம்பளித் துணியில் ஊறிப் பிசினாகிவிடும். பிறகு பகுதியையே மாற்ற வேண்டி வரும். முன்பலகையைக் கழற்றிவிட்டுக் கட்டையை அழுத்திப் பாருங்கள். கட்டையே கீழே நின்றுவிட்டால், அதன் துளையில் உள்ள கம்பளி ஈரத்தில் ஊதியிருக்கிறது. கட்டை மேலே வந்தும் சுத்தியல் திரும்பாவிட்டால், சுத்தியல் சுழலும் ஊசியைச் சுற்றிய கம்பளி இறுகியிருக்கிறது. எது என்று சொல்லி அனுப்பினால் டியூனருக்கு ஒரு பயணம் மிச்சம்.

வெளிச்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். ஈரப்பதத்துக்கென்றே விற்கும் குறைந்த வாட் சூட்டுக் குழாயைக் கீழ்ப்பகுதியில் பொருத்தலாம். வீட்டு பல்பைத் தொங்கவிடாதீர்கள், தீப்பிடிக்கும். ஈரத்தில் ஒலிப்பலகை ஊதிக் கம்பிகளைத் தள்ளுவதால் நடுப்பகுதிச் சுரங்களின் சுதி ஏறும். அதனால் பருவம் மாறி மூன்று வாரமாவது பொறுத்துச் சுதி கூட்டுங்கள். உங்கள் பக்கம் தென்மேல் மழைக்கு ஜூன் கடைசி, வெயிலுக்கு பெப்ரவரி. பதுளைப் பக்கத்தவர்களுக்கு மழை ஒக்டோபரில் தொடங்குவதால் இந்தக் கணக்கு ஒத்துவராது.

கேள்வி: தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு) தப்பு என்ற பறை அடிக்கும் ஓசை கேட்டு வளர்ந்தவன். அதை வைத்து ஜாஸ் மெட்டுப் போடலாமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: ‘வோட்டர்மெலன் மேன்’ அப்படித்தான் பிறந்தது தம்பி. சிக்காகோத் தெருவில் தர்ப்பூசணி வண்டியின் சக்கரம் கல்லில் உருண்ட தாளம் பியானோவுக்கு வந்தது. வியாபாரியைப் பெண்கள் கூப்பிட்ட குரல் மெட்டானது. கோர்ட் மூன்றுதான்: எஃப் 7, பி-பிளாட் 7, சி 7.

தப்படியை போனில் பதிந்து பாதி வேகத்தில் கேளுங்கள். அடிக்குச்சி (தடித்த குச்சி) விழும் இடங்களை மட்டும் முதலில் எழுதி, இடது கையில் ஒரே பாஸ் சுரத்துக்குக் கொடுங்கள். மெல்லிய சிண்டுக்குச்சியின் ஓசைக்கு வலது கையில் இரண்டு சுரம், மெல்ல, வெட்டி. சுரத்தை நீட்டும் சஸ்டெய்ன் பெடலைத் தொடாதீர்கள். தப்பின் வெட்டு கரைந்துவிடும். இது நான்கு பார் நின்றபிறகு மேலே ஒரு கூப்பிடு குரலை வையுங்கள், ஐந்து சுரத்துக்குள்.