ஒரு கை, இரண்டு பெயர்கள்

கேள்வி: என் அண்ணன் சேர்த்து வைத்த கேப்டன் டைகர் காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து என் மகன் ஓயாமல் வரைகிறான். அவற்றின் ஓவியரும் மோபியஸ் என்பவரும் ஒருவரே என்கிறான். இருவர் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவனும் நாளுக்கொரு பாணியில் வரைகிறான், இது சரிதானா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரி. பிரான்சில் 1938-இல் பிறந்த ழான் ஜிரோ என்பவரே அந்த இருவரும். தமிழில் நாம் கேப்டன் டைகர் என்று அறிந்த ‘புளூபெர்ரி’ என்ற கௌபாய்க் கதைத்தொடரை, கதாசிரியர் ழான்-மிஷெல் ஷார்லியேவுடன் சேர்ந்து 1963-இல் ‘பிலோட்’ வார இதழில் தொடங்கினார். அதற்கு முன்பே ஜிஜே என்ற மூத்த ஓவியரிடம் உதவியாளராக இருந்து, குதிரை, சேணம், புழுதி, பாலைவெளி ஆகியவற்றைக் கைவரப் பெற்றிருந்தார். இளவயதில் மெக்சிகோவில் கழித்த மாதங்களும் அந்தப் பாலைவெளியை அவர் கண்ணில் பதித்திருந்தன.

மோபியஸ் என்ற பெயரையும் அவர் 1963-லேயே ஓர் அங்கத இதழில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆனால் 1974-இன் இறுதியில் நண்பர்களுடன் ‘மெத்தால் உர்லான்’ என்ற அறிவியல் புனைகதைக் காமிக்ஸ் இதழைத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெயருக்கென ஒரு தனி உலகம் உருவாயிற்று. கௌபாய்க் கதைகளுக்குப் பெரும்பாலும் தூரிகையையும், விண்வெளிக் கனவுகளுக்குப் பேனாவையும் எடுத்ததால், முன்னதில் கருமையும் நிழலும் அடர்ந்திருக்க, பின்னதில் மெல்லிய கோடுகளும் வெற்றிடமும் மேலோங்கின. நீங்கள் இரண்டு கைகளைக் கண்டதாக நினைத்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கருவி மாற்றமே என்பேன். பின்னர் ‘ஏலியன்’ (1979), ‘டிரான்’ (1982) போன்ற திரைப்படங்களின் வடிவமைப்பிலும் பங்கேற்றார். அமெரிக்க காமிக்ஸ் கதாசிரியர் ஸ்டான் லீயின் கதைக்கு சில்வர் சர்ஃபர் என்ற சாகச நாயகனையும் வரைந்தார். இத்தனைக்கும் நடுவில் புளூபெர்ரியை அவர் கைவிடவில்லை என்பதே எனக்கு வியப்பு. 2012-இல் மறைந்தார்.

உங்கள் மகன் பாணி மாற்றுவதைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஏதேனும் ஒன்றையாவது நேரில் பார்த்து வரைந்து பழகட்டும். பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டப்பட்ட பழங்காலக் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் அவர்களை ஒருநாள் காட்டுங்கள். குதிரையைச் சில கோடுகளில் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அங்கே அவனுக்கு விளங்கும். மோபியஸின் ‘அர்ஸாக்’ கதைகள் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். அவை வசனமே இல்லாமல் படங்களாலேயே நகர்வதால், தமிழாக்கத்துக்காக அவன் காத்திருக்க வேண்டியதில்லை.