தறிச் சத்தத்தில் தேய்ந்த குரல் பாஸ்காவுக்குள் திரும்புமா?

கேள்வி: எனக்கு வயது 36. சோமனூர் பக்கம் ஒரு தறிக் குடோனில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவில் நான்கு வருடமாகப் பாடுகிறேன். முறையாகக் கற்றதில்லை, காதால் கேட்டுப் பாடுவதுதான். தவக்காலம் தொடங்கியதும் சிலுவைப் பாதை, பயிற்சி என்று பாடிப் பாடி, மூன்று வாரமாகக் குரல் கரகரக்கிறது. காலையில் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் கட்டிக்கொள்கிறது. மேலே ஏறும் வரிகளில் வெறும் காற்றுதான் வருகிறது. காய்ச்சல், சளி எதுவும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்கா வழிபாட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தான். பச்சை முட்டை குடி, அதிமதுரம் மெல்லு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓர் ஊசி போட்டால் போதும் என்கிறார் ஒருவர். பாடுவதையே விட்டுவிட வேண்டுமா டாக்டர்?

பதில்: விட வேண்டியதில்லை, அம்மணி. ஆனால் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போன தறிக் குடோனில்தான் நான் முதலில் நிற்கிறேன்.

நீங்கள் பாடுவது வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் இருக்கும். தறிச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றிப் பேசுவதோ வாரத்தில் ஆறு நாள். நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் இடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே பக்கத்துத் தறியில் நிற்பவரிடம் 'தார் தீர்ந்துபோச்சு' (தார் என்றால் ஊடை நூல் சுற்றிய குச்சி) என்று சொல்லவே கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். சுற்றிலும் சத்தம் கூடினால் நமக்கே தெரியாமல் நம் குரலும் கூடும். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911இல் இதை எழுதினார். இன்றைக்கும் இது அவர் பெயரால் 'லொம்பார்ட் விளைவு' என்றே அழைக்கப்படுகிறது. பாடகர் குழுவிலும் நடப்பது இதேதான். பக்கத்தில் பத்துப் பேர், பின்னால் ஸ்பீக்கர், ஓரத்தில் தாளக் கருவி. தன் குரல் தன் காதில் விழாது. விழ வேண்டும் என்று இன்னும் அழுத்திப் பாடுவோம். ஆக, பகலெல்லாம் குடோனில் கத்திய அதே தொண்டையோடு சாயங்காலம் பயிற்சிக்கு வந்து இன்னொரு சத்தத்தோடு மல்லுக்கு நிற்கிறீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. பெண்களுக்கு அவற்றின் நீளம் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர்தான். கேமராவில் பார்த்தால் ஈர முத்துப்போல வெளுப்பாகப் பளபளக்கும். நீங்கள் சாதாரணமாகப் பேசும்போதே அவை நொடிக்கு ஏறக்குறைய 200 முறை ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. மேல் ஸ்தாயியில் அது 500, 600 என்று போகும். ஆண்களுக்கு நாண் நீளம், அதனால் மோதல் குறைவு. பெரியவர்களில் பெண்களுக்கே இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மெல்ல மோதினால் ஒன்றும் ஆகாது. கத்தும்போது அறைந்துகொள்கின்றன. முதலில் வீக்கம், அப்புறம் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அடிபட்டால் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு தடிப்பு. மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவதைப் போல. அந்தத் தடிப்பு இடையில் நிற்பதால் நாண்கள் முழுதாக மூடுவதில்லை. நீங்கள் சொன்ன 'வெறும் காற்று' அந்த இடுக்கு வழியாக வருவதுதான்.

உங்களுக்கு இருப்பது வீக்கம் மட்டுமா, காய்ப்பே விழுந்துவிட்டதா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல 'ஆராரோ' என்று, எவ்வளவு மெல்லமாக முடியுமோ அவ்வளவு மெல்லமாக, ஆனால் உயர்ந்த சுருதியில் பாடுங்கள். சத்தமாகப் பாடினால் வருகிறது, மெல்லமாகப் பாடினால் முதலில் காற்று வந்து பிறகுதான் குரல் வருகிறது என்றால் நாண் வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். தினமும் காலையில் ஒரே ஒரு முறை இப்படிப் பாடிப் பாருங்கள். குணமாகிறதா, இல்லையா என்பதை இதுவே காட்டிக்கொடுக்கும்.

குரல் கரகரப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு அடுத்த வாரம். கோவை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மெல்லிய கேமராவை மூக்கு அல்லது வாய் வழியாக விட்டு, 'ஈ' என்று சொல்லச் சொல்வார்கள். சில நிமிட வேலை, பயப்பட ஒன்றுமில்லை. கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், மூச்சிரைப்பு, இருமலில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலோ, புகையிலைப் பழக்கம் இருந்தாலோ நான்கு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்ததுபோல் போய்விட்டால், நாணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நொடியிலிருந்து வாயை மூடிக்கொண்டு மறுநாளே டாக்டரைப் பாருங்கள்.

சரி, இந்த மூன்று வாரத்தை எப்படி ஓட்டுவது? முதல் மூன்று நாள் லீவு போட முடிந்தால் போட்டு, பேச்சை அறவே குறையுங்கள். கிசுகிசுவென்று பேசினால் தொண்டைக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் கிசுகிசுக்கும்போது தொண்டையை இன்னும் இறுக்கத்தான் செய்கிறார்கள். அதைவிடச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். அடிக்கடி கனைக்காதீர்கள். ஒவ்வொரு கனைப்பும் நாணுக்கு ஓர் அறை. தொண்டையில் ஏதோ நிற்பதுபோல் இருந்தால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள்.

நான்காம் நாள் வேலைக்குப் போனால் காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். அது காதுக்கு மட்டுமல்ல, குரலுக்கும் கவசம். காதை அடைத்தால் நம் குரல் மண்டைக்குள் பெரிதாகக் கேட்கும். அதனால் கத்துவது தானாகவே குறையும். தறிக்காரர்களிடம் கைச்சாடை ஏற்கெனவே உண்டு, அதை இன்னும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பேசியே ஆக வேண்டும் என்றால் காதோரம் போய்ப் பேசுங்கள். பஞ்சுத் தூசி தொண்டையை உறுத்திக் கனைக்க வைக்கும், அதனால் முகக்கவசம் அவசியம்.

அதே நான்காம் நாளிலிருந்து ஒரு பயிற்சி. பாதி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை ஆழம் விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்துக்கொண்டே குமிழி விடுங்கள். கன்னம் லேசாக அதிரும், கழுத்து இறுகாது. நடுச் சுருதியில் தொடங்கி, கொஞ்சம் ஏறி இறங்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. ஸ்ட்ராவும் தண்ணீரும் கொடுக்கும் எதிரழுத்தம் நாண்களை அறைய விடாமல் மெல்ல அதிர வைக்கும். குடோனில் தண்ணீர் பாட்டிலே போதும். என்னிடம் வந்த ஒரு வள்ளி கும்மி (பாடிக்கொண்டே ஆடும் கிராமியக் கும்மி) ஆசிரியர், ஐம்பது அறுபது பெண்களுக்கு மைதானத்தில் நின்று கத்திப் பாடிக் கற்றுக்கொடுத்தவர், இந்தக் குமிழிப் பயிற்சியாலும் ஒரு ஹெட்செட் மைக்காலும் ஆறு மாதத்தில் மீண்டார். கத்தி வைக்கவில்லை. காய்ப்பே விழுந்திருந்தாலும் பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியில்தான் தொடங்குவோம், அறுவை சிகிச்சையில் அல்ல. ஆனால் அதற்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

முட்டை, அதிமதுரம் பற்றிக் கேட்டீர்கள். நாம் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும். பச்சை முட்டையால் குரலுக்கு ஒன்றும் இல்லை, கிருமி வேறு உள்ளே போகலாம். பனங்கற்கண்டு போட்ட வெதுவெதுப்பான பால் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடிக்கலாம். அதிமதுரம் எப்போதாவது ஒரு துண்டு சரி. நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தொடவே வேண்டாம். ஆவி பிடித்தால் அது மட்டும் நாண் வரை நேராகப் போகும். வெறும் வெந்நீர் ஆவியே போதும், தைலம் வேண்டாம், அது உறுத்தும். தண்ணீர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வியர்த்துக் கொட்டும்போது இன்னும் அதிகம் தேவைப்படும்.

ஊசி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாணைப் பார்க்காமல் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வீக்கம் ஓரிரு நாள் வடியும், நீங்களும் குணமாகிவிட்டது என்று நம்பி முழுத் தொண்டையில் பாடுவீர்கள், அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிபடும்.

பயிற்சி முடிந்து இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு உடனே படுக்கிறீர்களா? வயிற்று அமிலம் மேலேறி குரல்வளையைப் பொசுக்கும். பயிற்சிக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், பாட்டு. பத்து நாள் கழித்து 'ஆராரோ' மெல்லமாகத் தடங்கலின்றி வந்தால், ஒரு நாளைக்குப் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு தடவை பாடிப் பாருங்கள். வராவிட்டால் பாடாதீர்கள். கீபோர்டு வாசிப்பவரிடம் ஒன்று கேளுங்கள். டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை கீழே அழுத்தினால் எல்லாப் பாட்டும் ஒரு முழுச் சுரம் இறங்கிவிடும், அவர் விரல்களை மாற்றவே வேண்டாம். முறையாகக் கற்காதவர்கள் நிறைந்த குழுவில் யாரோ ஒருவருடைய குரலுக்குச் சுருதி வைத்துவிட்டு மற்ற எல்லோரையும் எட்டிப் பிடிக்கச் சொல்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது நியாயமே இல்லை. சொல்லக் கூச்சப்படாதீர்கள், உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் அது எட்டாமல்தான் இருக்கும். இரண்டு பேர் ஒரே பாட்டுப் புத்தகத்தைக் குனிந்து பார்த்துக் கழுத்தைத் திருகிக்கொண்டு பாடுவதையும் நிறுத்துங்கள். ஆளுக்கொன்றாகக் கண் மட்டத்தில் பிடியுங்கள். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள்.

பாஸ்கா இரவுக்கு முந்தைய பகலில் தறிக்குப் போகாதீர்கள், மதியம் தூங்குங்கள். சாம்பிராணிப் புகை வரும் பக்கம் நிற்காமல் தள்ளி நில்லுங்கள். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கி மணிகள் ஒலிக்கும்போது எல்லோருக்கும் குரல் தானாக ஏறும். அந்த இடத்தில் மட்டும் கீழ்க் குரலில், பக்கத்தில் நிற்பவர் குரல் உங்கள் காதில் விழும் அளவுக்கு மெல்லமாகப் பாடுங்கள். மேல் வரிகளை இந்த வருடம் மற்றவர்கள் பாடட்டும்.