பெர்லின் மனிதர்கள் கடுமையானவர்களா?

தம்பி, மேற்படிப்புக்கு வருமுன் ஒரு வாரம் பெர்லினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நகரம் பிடித்திருக்கிறது, ஆனால் யாரும் முகம் கொடுத்துச் சிரிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஊரே அடங்கிக் கிடக்கிறது, இங்கே என்னால் தாக்குப்பிடிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் என்பதே, இங்கு நெடுங்காலமாகக் குடும்பத்தோடு வாழ்பவன் என்ற முறையில் என் பதில்.

முகத்தை வைத்து இந்த நகரத்தவரை எடைபோடாதீர்கள். யூ-பான் எனப்படும் சுரங்கத் தொடருந்தின் பழைய நிலையங்கள் சிலவற்றில் இன்னும் மின்தூக்கி கிடையாது. குழந்தை வண்டியோடு ஒரு தாய் படிக்கட்டின் கீழே நின்றால், அவ்வழியே வரும் யாரோ ஒருவர் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் போய்விடுவார். அப்போதும் அவர் முகத்தில் சிரிப்பு இருக்காது. நீங்கள் பயணப்பெட்டியோடு சைக்கிள் பாதையில் நின்றால், அதே மனிதர் மணியடித்து அதட்டவும் செய்வார். இரண்டையுமே அவர் செய்ய வேண்டிய காரியமாக நினைத்துத்தான் செய்கிறார். ஆகவே அதட்டலை மனதில் வைத்திருக்காதீர்கள்.

தொடருந்து நிலையத்தில் சீட்டுப் பார்க்க வாசலில் ஆளுமில்லை, தடுப்புமில்லை என்று வியந்திருந்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. மேடையிலுள்ள இயந்திரத்தில் வாங்கும் கடதாசிச் சீட்டை, ஏறுமுன், யூ-பானில் மஞ்சள் நிறத்திலும் எஸ்-பான் எனப்படும் நகரத் தொடருந்தில் சிவப்பு நிறத்திலும் இருக்கும் சிறு பெட்டியில் நுழைத்து நேரமுத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு கையில் இருந்தும் பயனில்லை. சாதாரண உடையிலும் ஏறக்கூடிய பரிசோதகர்கள் 60 யூரோ தண்டம் எழுதிவிடுவார்கள், ஊருக்குப் புதியவன் என்ற விளக்கம் அவர்களிடம் எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமைக் கடையடைப்பின் வேர் சட்டத்தில் இருக்கிறது. ஞாயிறு ஓய்வுக்குரிய நாள் என்று 1919 ஆம் ஆண்டின் வைமார் குடியரசு அரசியலமைப்பில் எழுதப்பட்ட பாதுகாப்பு, இன்றைய ஜெர்மன் அரசியலமைப்பான 1949 ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. கடையில் நிற்கும் தொழிலாளிக்கும் பிள்ளைகளோடு இருக்க ஒரு நாள் வேண்டும் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பாலும் பாணும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தவறினால் மத்திய தொடருந்து நிலையத்திலுள்ள அங்காடி திறந்திருக்கும். அன்று ஊர் அடங்கிவிட்டதாக நீங்கள் நினைத்த வேளையில், மக்கள் பூங்காக்களில் இருந்திருப்பார்கள். டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008 இல் மூடப்பட்டு, 2010 இல் பொதுவெளியாகத் திறக்கப்பட்டது. அதன் ஓரங்களில் கட்டடங்கள் எழுப்பும் திட்டத்தை 2014 இல் நகர மக்களே வாக்களித்து நிறுத்தினார்கள். இன்று அந்த ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள், பெரியவர்கள் பட்டம் விடுகிறார்கள்.

குப்பைத் தொட்டியின் காலடியில் வெற்றுப் போத்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் வைப்புப் பணம் உண்டு, திருப்பிக் கொடுத்தால் அது கிடைக்கும். போத்தல்களைச் சேகரித்து அந்தப் பணத்தில் வாழ்வோர் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவக்கூடாது என்பதற்காகவே வெளியே வைக்கிறார்கள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

நம்மவருக்கு இது முற்றிலும் அந்நிய ஊருமல்ல. நகரம் கிழக்கு, மேற்கு எனப் பிரிந்திருந்த 1980களில் ஈழத்திலிருந்து புறப்பட்ட பலர் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக் வீதி நிலையம் வழியாக மேற்குப் பகுதிக்குள் வந்தவர்கள். பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் ஆலயம் இருக்கிறது. யூ-7 தொடருந்தில் போகலாம்.

பயணியாக வந்தபோது உங்கள் கண்ணில் படாத ஒன்று முகவரிப் பதிவு. குடியேறி 2 வாரங்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீடு தருபவர் கையொப்பமிட்ட கடிதம் தேவை. வங்கிக் கணக்கு, வரி எண், வதிவிட அனுமதி என்று பலவும் அந்தப் பதிவைத் தொட்டே நடக்கும். ஆகவே அறைக்கு முற்பணம் கட்டுமுன், அந்தக் கடிதம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுக்கும் இடத்தை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.